ஆறு மணி நேரம்தானே என்று நினைத்தேன்

வெளி நிலையப் பதிவு. நாள் 141. 09:10

நிலவின் மறுபக்கம். பணியில் ஒருவர்: இசக்கிராஜ், வானொலித் தொலைநோக்கிப் பராமரிப்பு. மின்சாரம் சரி. காற்று சரி. மூன்றாவது ஆன்டெனாவில் தூசி துடைத்தேன்.

துணைக்கோள் மேலே வந்ததும் இணைப்பு கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும், இருபத்திரண்டு நிமிடம் நிற்கும். 340 கிலோமீட்டர் தள்ளி, தலைமை நிலையத்தில் உள்ள பொது சர்வருக்குள் நுழைந்தேன். ஓடவிட நான் கொடுத்திருந்த கணக்கு வரிசையில் நாலாவது. காத்திருப்பு ஆறு நாள்.

ஹசீனாவிடமிருந்து செய்தி. நில அதிர்வு ஆராய்ச்சியாளர், காயல்பட்டினத்துப் பெண். "அண்ணாச்சி, நானும் தாசையனும் பத்து மணிக்குக் குகைக்குள்ள இறங்குறோம். உள்ளேயிருந்து சர்வரைப் பார்க்க முடியாது. என் கணக்கு ஓடுதான்னு அப்பப்ப பார்த்துக்கிடுங்க. நின்னுட்டா ஒரு வரி போடுங்க, கம்பி வழியா எங்களுக்கு வந்துரும். மேலே ஏறிருவோம்."

சரி என்று பதில் அனுப்பினேன்.

நாள் 141. 11:15

ஹசீனாவின் கணக்கு பாறைச் சுவரில் பதித்த கருவிகளை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அதிர்வு வரும்போல் தெரிந்தால் குகைக்குள் மணி அடிக்கும். முப்பத்தொரு நாளாக ஓடுகிறது. ஒரு தடவைகூட அடித்ததில்லை. சர்வர் நினைவகத்தில் பாதிக்கு மேல் அதன் கையில்.

எனக்கு ஆறு மணி நேரம் போதும். இரண்டு வருடப் பதிவை வடிகட்டினால், தொலைநோக்கியில் நான் கண்ட அந்த சிக்னல் நிஜமா என்று தெரிந்துவிடும். கட்டுரை அனுப்ப இன்று மாலை கடைசி.

சர்வரை முதலில் நிறுவியவன் நான். நிர்வாகிப் பொறுப்பை ஒப்படைத்தபோது என் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை.

ஹசீனாவின் கணக்கை நிறுத்தினேன். என்னுடையதை ஓடவிட்டேன்.

நாள் 141. 13:20

என் கணக்கு 34 சதவீதம்.

குகைக்கு ஒரு வரி அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் நின்றது என்று கேட்பார்கள்.

நாள் 141. 15:25

இணைப்பு வந்தவுடன் தலைமை நிலையத்தின் பொது அறிவிப்பு. "15:02 அதிர்வு. குகைக் கூரை சரிந்தது. இருவர் உள்ளே. மீட்பு வண்டி கிளம்பிவிட்டது."

என் கணக்கை நிறுத்தினேன். ஹசீனாவுடையதை மறுபடி ஓடவிட்டேன். சர்வரின் பதிவேட்டைத் திறந்து, காலையிலிருந்து நான் இட்ட கட்டளைகளை வரி வரியாக அழித்தேன். நாலு நிமிடம் ஆனது. ஒரு வரியைக்கூடத் தவறவிடவில்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

இருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

நாள் 142. 10:05

துளைக்கருவி ஓட்டுநர் தாசையன் இறந்துவிட்டார். ஹசீனாவின் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

தாசையனை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இங்கே வந்து இறங்கிய அன்று என் பெட்டியை அவர்தான் வண்டியிலிருந்து தூக்கி வைத்தார். கனமாக இருக்கிறதே, பாறை ஏதும் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

நாள் 144. 12:10

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கோமதிநாயகம் பேசினார். அன்று காலை அவர் பேட்டரி மாற்றினாராம். அப்போது மின்சாரம் குறைந்து கணக்கு நின்றிருக்க வேண்டும், தன் தவறுதான் என்று விசாரணையில் சொல்லிவிட்டாராம்.

"நீங்க அன்னைக்கு ஏதாவது பார்த்தீங்களா சார்?"

"இல்லை. எனக்கு இணைப்பே சரியாக் கிடைக்கலை."

சரி சார் என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

நாள் 149. 08:40

கோமதிநாயகத்தைப் பணியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த விண்கலத்தில் ஊருக்கு அனுப்புகிறார்கள்.

பாதியில் நின்ற என் முடிவை இன்றுதான் திறந்தேன். சிக்னல் இல்லை. நம் ஆன்டெனாவின் இரைச்சலேதான்.

சாப்பாடு இறங்கவில்லை. சிக்னல் நிஜமாக இருந்திருந்தால் இறங்கியிருக்குமோ என்று யோசித்தேன். அப்படி யோசித்ததையும் எழுதிவிடுகிறேன்.

நாள் 152. 10:50

ஹசீனாவிடமிருந்து செய்தி, படுக்கையிலிருந்து. "அண்ணாச்சி, உங்களுக்கு இணைப்பு கிடைக்கலைன்னு கோமதி சார் சொன்னார். மனசுல வச்சுக்கிடாதீங்க. நான் உங்ககிட்ட கேட்டதே தப்பு. அவ்வளவு தூரத்துல தனியா இருக்கிறவர்கிட்ட அந்தப் பொறுப்பைக் குடுத்திருக்கக் கூடாது."

ஏழு முறை படித்தேன். துணைக்கோள் போய்விட்டது.

நாள் 152. 12:55

சர்வருக்குள் நுழையும் எவருக்கும் முதலில் ஒரு அறிவிப்புப் பலகை தெரியும். பராமரிப்பு நேரம், விடுமுறை என்று போடுவார்கள். நிர்வாகி பாஸ்வேர்டைக் கடைசியாக ஒருமுறை பயன்படுத்தினேன். நாள் 141 முதல் இந்த வரி வரை முழுப் பதிவையும் அந்தப் பலகையில் ஏற்றினேன். இனி யார் நுழைந்தாலும் இதைத்தான் முதலில் படிப்பார்கள். கோமதிநாயகம் மேல் தவறில்லை. பேட்டரி மாற்றியதால் கணக்கு நிற்கவில்லை. நிறுத்தியது நான்.

பாஸ்வேர்டை மாற்றி, புதியதைத் தலைமை நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 152. 15:00

நுழைந்தவர்கள் பட்டியலில் பதினாறு பெயர்.

பதினேழாவதாக ஹசீனா. ஒன்பது நிமிடம் பலகையைத் திறந்து வைத்திருந்தாள். பிறகு ஒரு செய்தி. எனக்கு மட்டும்.

"படிச்சேன். தாசையனோட வீட்டுக்காரம்மா இங்கே லைன்ல இருக்காங்க, ஊர்லேருந்து. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிச்சுச் சொல்ல மாட்டேன். நீங்களே பேசுங்க."

இன்னும் பதினொரு நிமிடம் இணைப்பு இருக்கும்.

15:04

ஹசீனாவிடம் அவர் பெயர் கேட்டேன். அன்னக்கிளி.

15:09

மைக்கின் பச்சை விளக்கு எரிகிறது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கிறது. யாரு பேசுறது, யாரு என்று கேட்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். இன்னும் எழுதிக்கொண்டுதான் இரு—