உன்னுடைய பதினோரு நாள்

இன்று காலை குன்னம் பஸ் ஸ்டாப்பில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸுக்கே உள்ள மண்ணெண்ணெய் மாதிரியான வாசனை இன்னும் போகவில்லை. மஞ்சள் நீராட்டு விழா. கிரீடம் வைத்த ஒரு சின்னப் பெண் பிறை நிலாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வட்ட வட்டமாக மாமன்கள், கை கூப்பியபடி. நீ இருந்திருந்தால் பஸ் நிற்பதற்குள் எண்ணி முடித்திருப்பாய்.

"மாமன் எட்டு பேரு, பொண்ணு ஒண்ணு. ஓட்டுக் கேக்குற மாதிரியே கும்புடுறானுங்க பாருடி."

"மெதுவா பேசு. அந்த எட்டுல ஒருத்தன் இந்த பஸ்லயே இருப்பான்" என்பேன் நான்.

பஸ் வந்தது, ஏறினேன், நின்றுகொண்டே பெரம்பலூர் வந்தேன். நீ போனதிலிருந்து குன்னத்தில் ஏறுகிற எனக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. அரியலூரிலேயே ஏறிவிடும் நீதான் டிபன் பையை வைத்து இடம் பிடித்து வைப்பாய்.

இந்த மடல் ஒரு வருஷம் தாமதம். போன ஆடியில் மூன்று நாள் தொடர்ந்து நீ வரவில்லை. லேபில் லீவு போட்டிருப்பாய் என்று நினைத்தேன். நாலாம் நாள் நம் கண்டக்டர் அண்ணன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "உங்களுக்குத் தெரியாதாம்மா? காய்ச்சல்ல போயிட்டாங்களாம். எடுத்து ரெண்டு நாளாச்சு." பஸ்ஸில் பழகிய சிநேகிதிக்கு யார் ஆள் அனுப்பிச் சொல்வார்கள்? உன் வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. ஐந்து வருஷம் தினமும் முக்கால் மணி நேரம் தோள் உரச உட்கார்ந்திருக்கிறோம்.

நேற்றிலிருந்து நம்முடைய அந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் போன், ஒரே இயர்போன், இடது காது உனக்கு, வலது காது எனக்கு. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிய படம். போகும்போது கொஞ்சம் வரும்போது கொஞ்சமாக இரண்டு நாளில் முடித்துவிட்டோம். அதில் ஒரே ஒரு காட்சிக்காக ஒரு மாதம் சண்டை போட்டோம். அந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். புத்தகப் பையைப் பின்பக்கம் பாவாடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்கிறாள். தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் அம்மா திரும்பிப் பார்க்கிறாள். "பசிக்குதும்மா" என்கிறாள் பெண். அம்மா தட்டில் தோசையைப் போடுகிறாள். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் விடிந்துவிடுகிறது.

அம்மாவுக்குத் தெரிந்ததா இல்லையா என்பதுதான் முதலில் சண்டை. நாம் ரிவைண்ட் செய்து பார்த்துக்கொண்டிருக்கையில் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கண்டக்டர் அண்ணன் சொன்னார்: "தெரிஞ்சிடுச்சும்மா. தோசையத் திருப்பவே இல்ல பாருங்க, கருகுது. அந்தப் பொண்ணு எதையோ மறைக்குதுன்னு அந்தம்மாவுக்குப் பட்டுடுச்சு." எதை மறைக்கிறாள் என்று அவருக்குத் தெரியக்கூடாதே என்று நாம் இருவரும் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தோம். முன் சீட்டில் வெங்காய மூட்டையைக் காலடியில் வைத்திருந்த அம்மா மட்டும் விவரம் புரிந்துகொண்டு திரும்பினார். "தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே? கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

நீ அவர் கட்சி. நான் எதிர்க்கட்சி. பிள்ளை தானாகச் சொல்லும்வரை காத்திருப்பது மரியாதை என்றேன். "மரியாதை இல்லடி, பயம். கேட்டா அந்தம்மாவும் பதில் சொல்லணுமில்ல?" என்றாய்.

அப்புறம் ஒருநாள், யாரும் கேட்காமலே, உன் கதையைச் சொன்னாய். ஏழாவது படிக்கும்போது பதினோரு நாள் மறைத்தாயாம். பன்னிரண்டாம் நாள் உங்கள் கோ-கோ டீம் திருச்சிக்குப் போக வேண்டும். சொன்னால் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். துணியைச் சுருட்டிச் சோளத்தட்டைப் போருக்குள் செருகிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். ஆட்டம் முடிந்து வந்த பிறகுதான் உன் அம்மா சொன்னாராம், நாலாம் நாளே பார்த்துவிட்டேன், விளையாடிட்டு வரட்டும்னு விட்டுட்டேன் என்று.

"நல்ல அம்மாதானே" என்றேன்.

"நல்ல அம்மாதான். ஆனா எனக்கு அந்த ஏழு நாள் திரும்ப வேணும்டி. எனக்கு ஏதோ சீக்கு, செத்துப்போயிடுவேன்னு நெனச்சுக்கிட்டே ஓடுனேன். அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா போதும்."

பஸ் அப்போது பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை நான் லைப்ரரி வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது என் மகளின் யூனிஃபார்ம் கொல்லைக் கொடியில் காய்ந்தது. ஆறாவது படிக்கிறாள். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவள் தானே துவைத்துப் போட்டிருந்தாள். பாத்ரூம் அலமாரியில் இருந்த என் நாப்கின் பாக்கெட்டில் இரண்டு குறைந்திருந்தது. உனக்கு இருந்த பயம் அவளுக்கு இல்லை, பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை. என் கட்சிப்படி காத்திருந்தேன். செவ்வாய் போனது, புதன் போனது. அவள் குளித்துவிட்டு வரும் சத்தம் கேட்டாலே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அடுத்த நிமிடமே அவர் அம்மாவுக்கு, என் அத்தைக்குப் போன் போகும். அத்தை, தாய்மாமனாயிற்றே என்று என் தம்பிக்குச் சொல்வார். அதற்கு அடுத்த வாரமே ஃப்ளெக்ஸ். வீட்டில் மூன்று பெண்கள் இருந்தோம், மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம். உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

நேற்று சாயங்காலம் உன் கட்சிக்கு மாறினேன். அத்தை ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவளிடம் நேராகக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

நீயும் தோற்றாய், நானும் தோற்றேன். எழுந்து போகத்தான் நினைத்தேன். ஆனால் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து வாய் திறந்தபோது உன் கதை வந்தது. கோ-கோ, திருச்சி, சோளத்தட்டைப் போர், பதினோரு நாள். எல்லாம் எனக்கு நடந்ததாகச் சொன்னேன். என் சொந்தக் கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பட்டுப் பாவாடை கிடைத்த சந்தோஷத்தில் ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தவள் நான். முகம் தெரியாத ஒருத்தியின் கதையென்றால் அவள் கேட்டிருக்க மாட்டாள். உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

அவள் பேனாவை மூடினாள். என் அம்மாவைத்தான் கேட்டாள்: "அம்மாயிக்குத் தெரியுமா?"

"நாலாம் நாளே தெரிஞ்சிருக்கு. அவங்ககிட்ட இப்பப் போய் எதையும் கேட்டுடாத."

நோட்டை மடித்து வைத்துவிட்டு, "ஃப்ளெக்ஸ் வைப்பீங்கல்ல?" என்றாள். "போன வருஷம் எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்திக்கு வச்சாங்க. பசங்க அதுல மீசை வரைஞ்சுட்டாங்கம்மா."

இதுதான். நான்கு நாளாக இதுதான். நான் சொல்கிறவரை யாருக்கும் தெரியாது, ஃப்ளெக்ஸ் கிடையாது என்றேன். அத்தையிடமும் தம்பியிடமும் எப்படி நின்று பேசப்போகிறேன் என்று தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன். உன் கதையைச் சொன்ன வாயால் அதைத்தான் சொல்ல முடிந்தது.

அவள் ஒரு படி இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பதினோரு நாள் கதைய நீ யார்கிட்டயும் சொன்னதே இல்லையா?"

"வேலைக்குப் போக ஆரம்பிச்ச பிறகு ஒருத்திகிட்ட சொன்னேன். பஸ்ல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

இதற்கு மட்டும் பொய் சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது நான் உன்னிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "அந்தம்மா அப்பவே கேட்டுட்டா அப்புறம் படம் ஏதுடி?" என்றேன். சண்டையில் ஜெயித்துவிட்ட சந்தோஷம். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிட்டேன், லைப்ரரிக்கு நேரமாகிவிட்டதென்று.

"ஏதோ கேலி பண்ணிட்டு எறங்கிப் போயிட்டாங்க" என்றேன் மகளிடம்.

"நீ என்ன பண்ணுன?"

"நானும் சிரிச்சுட்டேன்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, "பாவம்மா நீ" என்றாள்.

அது உனக்குச் சேர வேண்டியது. நான் வாங்கி வைத்திருக்கிறேன்.