அப்பாவுக்கு நகர்ந்த மதில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். போன்ல பேசினா நீ பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சிடுவே, எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது. அதனாலதான் கடிதம்.

போன ஞாயிறு கோயில் ஆராதனையில நீ நடத்தின கர்த்தரோட இராப்போசனத்துல என் பேரன் டெரன்ஸ் என் பக்கத்துல முழங்கால் போட்டுக் கையை நீட்டினான். நீ அவனைத் தாண்டி வந்து எனக்கு அப்பம் குடுத்தே. அவன் அந்தக் கம்பளை ஊர்ப் பையனோட பல்லேகலயில ஒரே வீட்டுல குடும்பமா வாழுறான், அதை வேதம் ஒத்துக்காதாம். "வேதம் மாறாதுக்கா"ன்னு கோயில் வாசல்ல எல்லாருக்கும் கேட்கச் சொன்னே.

நான் ரெண்டாம் வகுப்போட நின்னவ. ஆனா எதையும் மறக்கிறவ இல்ல. உன் கல்யாணத்துல என்னைப் பின் வரிசை வாங்குல உட்கார வச்சது கூட ஞாபகம் இருக்கு.

அப்பா பூச்சிமருந்து குடிச்சுச் செத்தப்போ, தற்கொலை பாவம்னு சொல்லி நம்ம புசல்லாவைக் கல்லறைத் தோட்ட மதிலுக்கு வெளியேதான் புதைச்சாங்க. "அப்பா மட்டும் ஏன்க்கா வெளியே?"ன்னு என் சீலையைப் பிடிச்சு அழுதது நீதானே? போதகராகி இந்த ஊர்க் கோயிலுக்கே வந்ததும், முதல் வேலையா அந்த மதிலை இடிச்சு, அப்பாவை உள்ளே சேர்த்துக் கட்டினே. அன்னிக்கு வேதத்துல எந்தப் பக்கத்தைக் கிழிச்சே? உன் அப்பாவுக்கு நகர்ந்த மதில் என் பேரனுக்கு நகராதா?

வர்ற ஞாயிறும் நானும் அவனும் வருவோம். அவனைத் தாண்டினா என் கையிலயும் வைக்காதே. போன வாரம் நீ குடுத்தது இன்னும் தொண்டையிலயே நிக்குது.

இப்படிக்கு,
உன்னை இடுப்புல சுமந்த அக்கா