தூசி தட்டுகிற பிள்ளை

2023 பெப்ரவரி 12

கனடாவில் இருக்கிற பெரியப்பா மயில்வாகனம் எங்கள் ஊர் சரவணையில் ஒரு மாளிகை கட்டி முடித்துவிட்டார். குடியிருப்பது நாலு கமராக்கள். கூட்டித் துடைக்கிற உத்தியோகம் எனக்கு. வலப்பக்கம் சுவிஸ்காரர் வீடு, இடப்பக்கம் லண்டன்காரர் வீடு. இரண்டிலும் பூட்டுத்தான் தொங்குகிறது. டிரம்ஸ் அடிக்க இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் உண்டா? ஊர்காவற்றுறை யாகப்பு அண்ணையின் பழைய டிரம்ஸ் செட்டைக் கொண்டுவந்து, ஹோலில் சோபாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 15

பெரியப்பாவின் போன். அவருடைய கமராவில் படம் வரும், சத்தம் வராது. சோபா மறைப்பில் என் தலையும் கைகளும் மட்டும் தெரிந்திருக்கின்றன.

"பிள்ளை, கையில தடியோட தலையை ஆட்டி ஆட்டி என்ன செய்யிறாய்?"

"தூசி தட்டுறன், பெரியப்பா."

"ஒரு மணித்தியாலமாவோ?"

"வீடு பெரிசெல்லோ."

மனிதர் உருகிப்போனார்.

மார்ச் 19

ரொறன்ரோ முழுக்க என் துப்புரவின் புகழ். கமராப் படத்தைப் பெரியப்பா துஷ்யந்தன் என்கிற ஒருவரின் தாய்க்கும் காட்டியிருக்கிறார். "என்ன சுறுசுறுப்பு!" என்று அந்த அம்மா கண் கலங்கி, மகனுக்கு என்னைக் கேட்டுவிட்டா. தாளம் பிசகி அடித்த அடிக்கு ஒரு கனடாச் சம்பந்தம்!

உண்மை தெரிந்தவ அம்மா மட்டும்தான். "வாயைத் திறந்தியெண்டால் தெரியும்" என்கிறா.

ஏப்ரல் 4

கொழும்பில் 'கறள்' என்கிற ரொக் குழு டிரம்மர் தேடுகிறது. அடிப்பதை வீடியோ எடுத்து, எல்லோரும் பார்க்க முகநூலில் போடவேண்டுமாம். போட்டால் பெரியப்பா தந்த வீட்டுத் திறப்புக் கோர்வை கைவிட்டுப் போகும். சம்பந்தம் போகும் — அது போகட்டும். அம்மா? ஐயோ, அவவின்ர முகத்தை எப்பிடிப் பாப்பன்? வீடியோவை எடுத்து எடுத்து அழிக்கிறன். இப்பிடி அழிச்சால் எப்பதானடி போடுவாய், விசரி?

ஏப்ரல் 6

போட்டேன்.

ஏப்ரல் 7

"மேளம் அடிக்கிறதுக்கோ திறப்புத் தந்தனான்? எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ இது?" — பெரியப்பா.

மேளகாரரைக் கோயிலுக்குக் கூப்பிடலாம், வீட்டில் இருக்கக் கதிரை கொடுக்கக்கூடாது. அந்தச் சாதிச் சட்டம் விமானம் ஏறியும் மாறவில்லை.

துஷ்யந்தனின் தாய்க்குச் சத்தம் போடுகிற பிள்ளை வேண்டாமாம். திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 21

'கறள்' கூப்பிட்டுவிட்டது! இரண்டு கிழமையாக என்னோடு பேசாத அம்மா, இன்று தானாகவே என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தா. அழுதிட்டன்.

2025 ஓகஸ்ட் 16, ரொறன்ரோ

'கறள்' கச்சேரிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே எங்கள் முகம் போட்ட ரீசேட் விற்கிறார்கள். தொடங்குமுன் பெரியப்பா மைக்கைப் பிடித்துவிட்டார். "கம்சிகா என்ர தம்பியின்ர மகள். என்ர வீட்டு ஹோலிலதான் பழகினவ!" வெட்கம் என்றால் என்ன விலை?

மேடைக்குப் பின்னால் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இப்ப ஊர் வீட்டுக்கு வாற பெட்டை பத்து நிமிசத்தில கூட்டிப்போட்டுப் போயிடுறாள். வேலையால வந்து கமராவைத் திறந்தால் பாக்க ஒண்டும் இல்லை, பிள்ளை."

இரண்டு வருசமாக அவருக்கென்று சேர்த்துவைத்திருந்த நக்கலை விட்டுவிட்டு, தடிகளை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

அடித்தேன். முன்வரிசையில் பெரியப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை எடுக்காமல், கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.