நன்னடத்தைச் சாட்சி

சுயம்புலிங்கம் எழுந்து வந்தபோது அருள்ஜோதி மதுரை பஸ் ஏறிவிட்டிருந்தாள். ஆஸ்திரேலியாவில் ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றலாம் என்கிற விசாவுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் குலுக்கலில் பெயர் போட்டார்கள். விழுந்தது அவளுக்கு மட்டும். அன்றிலிருந்து அவன் பேசவில்லை. சோற்றுப்பானை மூடிமேல் சீட்டு இருந்தது.

"இங்கிலீஷ் பரீட்சைக்குப் போறேன். சாளைக் குழம்பைச் சுட வச்சுக்கோங்க. அடுப்பை அணைக்கணும், அது தானா அணையாது.

பத்து மணிக்கு விசாவுக்காக என் நடத்தையைப் பத்தி விசாரிக்கப் போலீஸ்காரர் வாரார். சட்டை போட்டுக்கிட்டுப் பேசுங்க. 'ஏளா, குடும்பப் பொம்பளை செய்யுத காரியமா இது'ன்னு எங்கிட்டக் கேட்டதை அவர்கிட்டயும் கேட்டுராதீங்க. உங்களுக்கு விழுந்திருந்தா அது ஆம்பளை செய்யுத காரியம்.

பீரோ சாவி அரிசி டப்பாவுல. பாஸ்போர்ட்டைத் தேட வேண்டாம், எங்கிட்ட இருக்கு."

அடியில், இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தாள்: "போக வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லுங்க. அவர்கிட்ட வேண்டாம். பதினாலு நாளாச்சு நீங்க பேசி."

போலீஸ்காரர் சொன்னபடி வந்தார். "வீட்டம்மா எப்படி அண்ணாச்சி? வம்பு வழக்கு உண்டா?"

"ஒண்ணும் கிடையாது சார். வாய்தான் கொஞ்சம் நீளம்."

"அதுக்கு இதுல கட்டம் இல்ல" என்று படிவத்தில் கையெழுத்துப் போட இடம் காட்டினார். சுயம்புலிங்கம் போட்டான்.

சாயங்காலம் அவனே போன் செய்தான். "ஏளா, நீ நல்லவதான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எழுத்துல குடுத்துட்டீங்கள்லா" என்றாள் அருள்ஜோதி. "இனி வாயால மாத்த முடியாது."