எரிந்த வீடு என்று சொன்ன வாய்

அன்புள்ள கௌதென்சியோ அண்ணனுக்கு,

உன் கையை மனதால் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு தங்கை தியோபிஸ்தா எழுதுவது. கப்பலை விட்டு இறங்கி வந்து ருப்பெர்த்தோவின் கழுத்தைச் சீவுவேன் என்று அண்ணியிடம் போனில் கத்தினாயாம். நடந்ததை முதலில் கேள். ஊர் சொல்வதில் பாதி பொய். அந்தப் பாதியைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

ருப்பெர்த்தோவின் அப்பா இறந்த வீட்டில், பிணத்துக்குக் காவலிருந்தவர்கள் மத்தியானம் பல்லாங்குழி போலக் குழி வைத்த சுங்கா பலகையை எடுத்துவைத்தார்கள். நம் தம்பி பெனித்தோவும் ருப்பெர்த்தோவும் எதிரெதிரே. சின்ன வயதில் நாம் ஆடியதுதான். குழியை நிரப்பச் சோழி போதாவிட்டால் அது எரிந்த வீடு. அதை முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. நீ சொன்னதற்கு உன் காதைக் கடித்துத் தொங்கவிட்டவன்தானே ருப்பெர்த்தோ!

பெனித்தோ அதே பழக்கத்தில், "உன் வீடு எரிஞ்சுபோச்சுடா, பாயைச் சுருட்டு" என்றான். போன கோடையில் ருப்பெர்த்தோ வீடு நிஜமாகவே எரிந்ததையும், தீ வைத்தது யார் என்று ஊரே மென்றுகொண்டிருப்பதையும் அந்த மடையன் மறந்துவிட்டான்.

"அப்ப கொளுத்தினது நீதானா?" என்றான் ருப்பெர்த்தோ. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பலகையைத் தூக்கித் தாடையில் இறக்கினான். பல்லும் சோழியும் ஒன்றாய்ச் சிதறின. பொறுக்கியவர்கள் எது எதுவென்று திணறினார்கள். பெனித்தோ ரத்தத்தைத் துப்பியபடியே அரிவாளை உருவினான். ருப்பெர்த்தோவின் வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான்.

நான் குறுக்கே பாய்ந்து தடுத்தேன் என்று ஊரில் கிளப்பிவிட்டேனே, அந்த வீரமா? சவப்பெட்டி மேசைக்கடியில் புகுந்தேன். என் உடம்பு உனக்குத் தெரியும், மாட்டிக்கொண்டேன். பெரியவரைப் பெட்டியோடு இறக்கிவைத்துத்தான் என்னை உருவினார்கள். அவர் முகத்தில் அப்போது சிரிப்பு வந்தது என்கிறார்கள். வந்திருக்கும்.

பெனித்தோ குழாயில் கஞ்சி குடிக்கிறான். வாயைக் கட்டியிருப்பதால் வீட்டில் நிம்மதி. தீ வைத்தாயா என்று கேட்டேன். குழாயோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுபடி கேட்க எனக்குத் துணிவில்லை.

ருப்பெர்த்தோவின் மச்சான்கள் நம் வாசலில் வந்து உட்கார்ந்து, "உங்க அண்ணன் எப்ப வர்றாரு, அக்கா?" என்று மரியாதையாக விசாரிக்கிறார்கள். பக்கத்தில் அரிவாள் தீட்டும் கல். காப்பி கொடுத்தேன், பாதி தட்டில்தான் போனது.

அதனால் வராதே அண்ணா. கிறிஸ்துமஸுக்கும் வேண்டாம். பெரியவரை அடக்கம் செய்தாகிவிட்டது, ஆனால் துக்கப் பந்தலை அவர்கள் இன்னும் பிரிக்கவில்லை. மாதா உன்னைத் தண்ணீரிலேயே பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்னைப் பார்க்க ஆசையே இல்லாத தங்கை,
தியோபிஸ்தா