வாசலில் முழு எழுத்து

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகனுக்கு,

சிதம்பரம் ஆனித் திருமஞ்சனத்துக்கு நீங்கள் இருவரும் வருவதாகச் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எப்படி என்று உனக்குத் தெரியாததா.

நான் விடவில்லை. போனைப் பார்த்து, சீன எழுத்தில் 'வருக' என்று வாசலில் கோலமாவால் எழுதிப் பழகினேன். இன்று காலை அப்பா அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இது சீனாவுல எழுதற சுருக்குன எழுத்து. மருமவ ஊரு தைவான். அங்க முழுசாத்தான் எழுதுவாங்க. ஊட்டுக்கு வர்ற பொண்ண அரைகுறையாவா கூப்புடுவ?" என்றார்.

பிறகு முட்டிவலியோடு குந்தி, கோடு கோடாக அவரே எழுதினார். எப்போது கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. பால்காரர் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார்.

எனக்கென்னவோ சுருக்கின எழுத்துதான் பிடித்திருக்கிறது, இடுப்பு தப்பிக்கும். அதை உன் அப்பாவிடம் யார் சொல்வது?

உறைக்குள் கோயில் விபூதி வைத்திருக்கிறேன். அவளுக்கும் பூசிவிடு.

உறைமேல் சீன எழுத்தில் உள்ள உங்கள் விலாசத்தை இன்னொரு முறை பார். அது என் கையெழுத்து இல்லை.

வழி பார்த்திருக்கும்,
அம்மா