மருமகள் நிமிர்த்தி வைத்த நாற்காலி

2024 மார்ச் 4, திங்கள்

கடையில் மூன்று சட்டைகளுக்குக் காலர் மாற்றினேன். மாலையில் மருமகள் கல்லூரியிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாள். செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டாளாம். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் காரணம் வந்தது.

ஓர் அறையைத் திருட்டு நடந்த வீடு மாதிரி அமைத்திருக்கிறார்கள். நாற்காலி கவிழ்ந்து, தண்ணீர் கொட்டி, துணி இறைந்து கிடக்கிறது. எதையும் தொடாமல் பார்த்துக் குறிக்க வேண்டும். இவள் போனதும் நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? தண்ணீரையும் துடைத்துவிட்டாள். அதில்தான் திருடனின் கால்தடம் இருந்ததாம்.

"கை தானாப் போயிடுச்சு அத்தை. துடைச்சு முடிச்ச பிறகுதான் சார் மூஞ்சியப் பார்த்தேன்."

மகன் சொன்னான்: "இவ போலீஸானா திருடனுங்க வீடு கூட்ட ஆளே வைக்க வேணாம்."

அவன் எதிரில் நான் சிரிக்கவில்லை. குளியலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 5

மருமகளைப் போலீஸாக்க ஏன் இந்தப் பிடிவாதம் என்று எதிர்வீட்டுக்காரி இன்றும் கேட்டாள். இவளுக்கு எத்தனை தடவை சொல்வது?

கடையில் திருட்டுப் போனபோது வந்த அதிகாரி, உடைந்த பூட்டைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தார். என் வெட்டுமேசைமேல் ஏறி உட்கார்ந்து டீ குடித்தார். "ரெண்டு தையல் மெஷினுக்கா இவ்வளவு அழுகை?" என்றார். நான் அழவில்லை. விவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. மெஷின் போனதைவிட அந்தப் பேச்சுதான் இன்னும் நெஞ்சில் தைக்கிறது.

கல்யாணமான புதிதில் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், போலீஸ் வேலைக்குப் படிக்க ஆசை, பிறந்த வீட்டில் விடவில்லை என்று. அந்த வாரமே நான் குற்றவியல் நீதிப் படிப்பில் சேர்த்துவிட்டேன். மகனைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? இப்போதானாலும் கேட்க மாட்டேன்.

மார்ச் 6

கை தானாகப் போயிற்று என்றாளே. போகத்தான் செய்யும். என் வீட்டில் ஓர் ஊசிகூட இடம் மாறிக் கிடக்கக் கூடாது. தையல்காரி வீட்டில் இடம் மாறிய ஊசி காலில்தான் அகப்படும். அப்படிப் பழக்கியது தப்பென்று நான் எழுதப்போவதில்லை.

எனக்குத் தையல் யாரும் சொல்லித் தரவில்லை. பழைய சட்டையைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தேன், கை கற்றுக்கொண்டது. அவள் கையும் கற்றுக்கொள்ளும். மறுதேர்வு 22-ஆம் தேதி. அதுவரை இந்த வீட்டில் விழுந்ததை அவள் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்று, என்ன பார்க்கிறாள் என்று சொல்ல வேண்டும். விழவைப்பது என் வேலை.

மார்ச் 9

கூடத்தில் ஒரு குடை, ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்த தட்டு. என் உயிர் போகிறது.

மார்ச் 13

மகன் சண்டைக்கு வந்தான்.

"வீடா இது? வேலை விட்டு வந்தா கால் வைக்க இடமில்ல."

"வைக்காதே. தடயம் அழிஞ்சிடும்."

"அவளுக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா. விட்டுடச் சொல்லு."

என்ன பேச்சு இது — என் வீட்ல, என் எதிர்ல! அவ தோத்தது ஒரே தடவை. வண்டி ஓட்டுற டெஸ்ட்ல இவன் எத்தனை தடவை தோத்தான், நான் ஏதாவது கேட்டேனா? கேட்டேன். விடச் சொன்னேனா?

அந்த நேரம் பார்த்து மருமகள் வந்தாள். எங்கள் சண்டையைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தரையில் கிடந்த டம்ளரையும் சிந்திய தண்ணீரையும் வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தை, அந்த டம்ளர் தானா விழல. நீங்க சாய்ச்சு வச்சிருக்கீங்க. விழுந்திருந்தா தண்ணி சுவத்துல தெறிச்சிருக்கும்."

மகன் சுவரைப் பார்த்தான். செருப்பைத் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான்.

மார்ச் 22

தேறிவிட்டாள். வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். கதவருகிலேயே நின்றிருக்கிறாள். "உள்ள வர மாட்டியாம்மா?" என்று ஆசிரியர் கேட்டாராம். "முதல்ல பார்த்துக்கறேன் சார்" என்றாளாம். என் மருமகள்.

எதிர்வீட்டுக்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். பிறகு கூடத்தைப் பெருக்கினேன், இரண்டு முறை.

2025 ஜூன் 2

போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, பயிற்சியும் முடிந்து வந்தாள். சீருடையில் தோள் தையல் கோணல். யார் தைத்தார்களோ, கண் எங்கே வைத்திருந்தார்களோ. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். நாளை வேலையில் சேர்கிறாள், இந்த வட்டாரத்து நிலையத்திலேயே.

2025 ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் எங்கள் தெரு மருந்துக்கடையில் பூட்டு உடைந்திருந்தது. கடைக்காரர் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். தெரிந்த மனிதர், ஆறுதல் சொல்லலாமென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். வழியில் கயிறு கட்டியிருந்தது. தூக்கிக்கொண்டு குனிந்தேன்.

"அம்மா, கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

நிமிர்ந்தால், மருமகள். அத்தை என்று சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"உங்க மருமகதானே? உங்களுக்கே இந்தச் சட்டமா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"எனக்கு இல்லேன்னா அப்புறம் உனக்கு மட்டும் எதுக்குய்யா சட்டம்?" என்றேன்.

என்னை இதுவரை யாரும் ஓர் அடி பின்னால் நகர்த்தியதில்லை. நகர்ந்தேன். நகராமல் நின்ற அந்த ஆளையும் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.